இரு கரைக்கும் ஒரே பேரேடு

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் செப்பம் செய்த எழுத்து வடிவம்)



நான் கீழ்பவானிப் பாசனத்தில் பிறந்தவன். ஒற்றைப்படை மதகுகளுக்கு ஒரு முறை, இரட்டைப்படை மதகுகளுக்கு மறுமுறை என்று தண்ணீர் விடுகிற வாய்க்கால் அது. எங்கள் வீட்டுத் திண்ணை விட்டத்தில் ஒரு நாற்பது பக்க நோட்டு செருகியிருக்கும். எங்கள் மதகுக்கு எந்த நாளில் தண்ணீர் வந்தது, எத்தனை மணிக்கு அடுத்தவர் வயலுக்குத் திருப்பினோம் என்று அப்பா அதில் எழுதிவைப்பார். பக்கத்து வயல்காரரும் அதே நோட்டில்தான் எழுதுவார். இருவருக்கும் வரப்புத் தகராறு உண்டு, பேச்சு நின்ற ஆண்டுகளும் உண்டு. அந்த ஆண்டுகளிலும் அவர் வந்து நோட்டை எடுத்து எழுதிவிட்டுப் போவார்.

பின்னாளில் எல்லையாறுகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபோது அந்த நோட்டு அடிக்கடி நினைவுக்கு வந்தது. இன்று நான் முன்வைக்கும் கருத்து ஒன்றுதான். இரண்டு நாடுகள் ஓர் ஆற்றைச் சேர்ந்து ஆள முடிகிறது என்றால், அதற்குக் காரணம் அவர்கள் சேர்ந்து எழுதும் கணக்கு. அந்தக் கணக்கில் ஏறிய தண்ணீருக்கு, எத்தனை பகை இருந்தாலும், ஒரு வழி பிறந்திருக்கிறது. கணக்கில் ஏறாத தண்ணீர் வழக்காகவும் வன்முறையாகவும் முடிந்திருக்கிறது.

இதற்கு நான் எடுத்துக்கொள்வது அமெரிக்காவும் மெக்சிகோவும் பகிர்ந்துகொள்ளும் ஆறுகள். காவிரி இருக்க அவ்வளவு தூரம் போவானேன் என்று சிலர் நினைக்கலாம். காவிரி ஒரே நாட்டுக்குள் ஓடும் ஆறு. அதன் மாநிலங்களுக்கு மேலே உச்ச நீதிமன்றம் இருக்கிறது. நாடுகளை அப்படி இழுத்துவந்து கூண்டில் நிறுத்த ஒரு மன்றம் இல்லை. இருவரும் தாமாக இணங்கி நடந்தால்தான் உண்டு. அப்படி இணங்குவது எதனால் நிலைக்கிறது என்று பார்ப்பதற்கு 3,100 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் அந்த எல்லை நல்ல இடம். அதில் சுமார் 2,000 கிலோமீட்டர் ஆறுதான் எல்லை. வடகரையில் அதன் பெயர் ரியோ கிராண்டே, தென்கரையில் ரியோ பிராவோ.

1. ஆறு நகரும்

1848-இல் இரு நாடுகளுக்கும் நடந்த போர் முடிந்து எழுதிய உடன்படிக்கை, ஆற்றின் நடுவே எல்லை என்றது. எழுதியவர்கள் ஆற்றை ஒரு கோடாக நினைத்துக்கொண்டார்கள். கொள்ளிடக்கரை மக்களுக்கு இதில் உள்ள பிழை உடனே புரியும். ஒரு வெள்ளத்தில் படுகை கரைந்து, மறுவெள்ளத்தில் திட்டாக எதிர்க்கரையில் முளைக்கும். வடகரை நகரான எல் பாசோவுக்கும் தென்கரை நகரான ஹுவாரெஸுக்கும் நடுவே அதுதான் நடந்தது. ஆறு தெற்கே நகர்ந்துகொண்டே வந்தது. 1864-இல் வந்த பெருவெள்ளம் அதை இன்னும் தள்ளியது. மெக்சிகோவின் பக்கம் இருந்த சமிசால் என்ற சுமார் 600 ஏக்கர் நிலம் அமெரிக்கக் கரையோடு ஒட்டிக்கொண்டது.

1884-இல் இரு நாடுகளும் ஒரு விதி செய்தன. ஆறு மெல்ல மெல்லக் கரையை அரித்து நகர்ந்தால் எல்லையும் கூடவே நகரும். ஒரே வெள்ளத்தில் திடீரெனத் திசைமாறினால் எல்லை பழைய தடத்திலேயே நிற்கும். விதி நல்ல விதிதான். ஆனால் சமிசாலில் ஆறு மெல்ல நகர்ந்ததா, திடீரென மாறியதா? நகர்ந்த ஆண்டுகளில் இரு தரப்பும் சேர்ந்து அளந்து எழுதிய கணக்கு எதுவும் இல்லை. 1911-இல் ஒரு கனடிய நீதிவாணர் தலைமையில் நடுவர் குழு அமர்ந்தது. நிலத்தைப் பிரித்து, பெரும்பகுதி மெக்சிகோவுக்கு என்றது. அமெரிக்கா ஏற்கவில்லை. தீர்வு எழுத 1963 வரை ஆயிற்று. 1967-இல் இரு நாட்டு அதிபர்கள் ஜான்சனும் தியாஸ் ஓர்தாஸும் எல்லையில் சந்தித்து மாற்றத்தை முறைப்படுத்தினார்கள். இரு பக்கமும் கைமாறியதைக் கழித்துப் பார்த்தால் மெக்சிகோவுக்கு 437 ஏக்கர். இதற்காக எல் பாசோவில் சுமார் 5,600 பேர் வீடு விட்டுப் போனார்கள். ஆறு இனி நகராதபடி அந்த இடத்தில் கான்கிரீட் வாய்க்காலில் ஓடுகிறது. அந்த வாய்க்காலின் மேலுள்ள பாலத்தில் ஒரு மாலை நின்றிருக்கிறேன். கீழே ஓடியதை ஆறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சமிசாலுக்கு நூறாண்டு ஆனது. அதே ஆற்றில் ஆற்றுவளைவு அறுந்து உண்டான சிறு திட்டுகள் பல இருந்தன. அவற்றுக்கு அவ்வளவு காலம் ஆகவில்லை. 250 ஹெக்டேருக்கு மிகாமலும் 200 பேருக்கு மேல் குடியில்லாமலும் உள்ள திட்டு, எந்தக் கரையோடு ஒட்டியிருக்கிறதோ அந்த நாட்டுக்கே என்று 1905-இல் எழுதினார்கள். 1889-இலேயே அமைந்திருந்த எல்லை ஆணையம் ஒவ்வொரு திட்டாக அளந்து, எண் கொடுத்து, பதிந்து தீர்த்துவைத்தது. இந்த வேறுபாட்டை மாணவர்கள் கவனிக்க வேண்டும்.

2. தலைமடையும் கடைமடையும்

1890-களில் கொலராடோ, நியூ மெக்சிகோ உழவர்கள் மேலே தண்ணீரைத் திருப்பிக்கொண்டதால் ஹுவாரெஸ் பள்ளத்தாக்கு காய்ந்தது. மெக்சிகோ முறையிட்டது. 1895-இல் அமெரிக்கத் தலைமை வழக்கறிஞர் ஜட்சன் ஹார்மன் எழுதித் தந்த கருத்து இன்றும் நீர்ச் சட்ட வகுப்புகளில் பேசப்படுகிறது: தன் மண்ணில் ஓடும் தண்ணீரை என்ன செய்யவும் ஒரு நாட்டுக்கு முழு உரிமை உண்டு, கீழே உள்ளவருக்குப் பதில் சொல்லும் சட்டக் கடமை இல்லை. தலைமடைக்காரன் பேச்சு எந்த ஊரிலும் இதுதான். ஆனாலும் 1906-இல், உரிமை என்று ஒப்புக்கொள்ளாமலே, ஆண்டுக்கு 60,000 ஏக்கர் அடி தர அமெரிக்கா உடன்பட்டது. நம் அளவில் சுமார் 2.6 டி.எம்.சி.

ஹார்மனின் வாதம் அமெரிக்காவையே திருப்பித் தாக்கக்கூடியது. கொலராடோ ஆற்றில் அமெரிக்கா தலைமடை. ஆனால் ரியோ கிராண்டேயின் கீழ்ப்பகுதியில் டெக்சாஸ் உழவர் நம்பியிருப்பது பெரும்பாலும் மெக்சிகோ மலைகளிலிருந்து வரும் கொன்சோஸ் போன்ற துணையாறுகளை. அங்கே மெக்சிகோ தலைமடை, டெக்சாஸ் கடைமடை. இருவரும் ஓரிடத்தில் மேலேயும் மற்றோரிடத்தில் கீழேயும் இருந்தார்கள். 1944 உடன்படிக்கை இரண்டு ஆறுகளையும் ஒரே தாளில் கட்டியது அதனால்தான். கொலராடோவிலிருந்து மெக்சிகோவுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் ஏக்கர் அடி, அதாவது சுமார் 65 டி.எம்.சி. மேட்டூரின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பதை நினைவில் வைத்தால் அளவு பிடிபடும். பதிலுக்கு ஆறு துணையாறுகளின் நீரில் மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்கு. அது ஐந்தாண்டுச் சுற்றின் சராசரியில் ஆண்டுக்கு 3,50,000 ஏக்கர் அடிக்குக் குறையக் கூடாது. சுமார் 15 டி.எம்.சி.

3. மினிட் புத்தகம்

1944 உடன்படிக்கை எல்லை ஆணையத்தை எல்லை மற்றும் நீர் ஆணையமாக்கியது. அதன் அமெரிக்கப் பிரிவு எல் பாசோவில், மெக்சிகோ பிரிவு ஆற்றுக்கு எதிர்க்கரையில் ஹுவாரெஸில். ஒவ்வொரு பிரிவின் தலைவரும் பொறியாளராக இருக்க வேண்டும் என்று உடன்படிக்கையிலேயே எழுதியிருக்கிறார்கள். இந்த ஒரு வரிக்காகவே அதை எழுதியவர்களை நான் மதிக்கிறேன்.

அவர்கள் எடுக்கும் முடிவுக்கு ‘மினிட்’ என்று பெயர். நம் கூட்டுறவுச் சங்கத்தில் மினிட் புத்தகம் என்கிறோமே, அதே சொல். மினிட்டை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் எழுதி, இரு ஆணையரும் கையெழுத்திட்டு, மூன்று நாளுக்குள் தம் அரசுக்கு அனுப்புவார்கள். முப்பது நாளுக்குள் அரசு மறுப்புச் சொல்லாவிட்டால், அரசின் ஒப்புதல் தனியே வேண்டும் என்று குறிப்பிட்ட சில பொருள்கள் நீங்கலாக, அது ஏற்கப்பட்டதாகிவிடும். மௌனம் சம்மதம் என்பதை ஒரு பன்னாட்டு உடன்படிக்கையின் உறுப்பாகவே வைத்துவிட்டார்கள். உடன்படிக்கையைத் திறந்து திருத்தப் போனால் இரண்டு நாட்டு மேலவைகளும் வேண்டும், தேர்தல் மேடைகளும் சேர்ந்துகொள்ளும். மினிட்டுக்கு இரண்டு பொறியாளர்களும் ஒரு மேசையும் போதும். முந்நூறுக்கும் மேல் மினிட்டுகள் எழுதிவிட்டார்கள். 1944-இன் தாள் அப்படியே இருக்கிறது.

கணக்கு எப்படி நடக்கிறது என்பதை இரண்டு எல்லை அணைகளில் பார்க்கலாம். ஐசன்ஹோவரும் ரூயிஸ் கோர்தினேஸும் 1953-இல் திறந்துவைத்தது ஃபால்கன். 1969-இல் நிக்சனும் தியாஸ் ஓர்தாஸும் திறந்தது அமிஸ்டாட். அந்தச் சொல்லுக்கு நட்பு என்று பொருள். எல்லை அணையின் நடுவே போகிறது. உள்ளே ஒரே தண்ணீர், ஆனால் இரண்டு கணக்கு. அமிஸ்டாட்டின் சேமிப்புக் கொள்ளளவில் 56.2 விழுக்காடு அமெரிக்காவுடையது, 43.8 விழுக்காடு மெக்சிகோவுடையது. எந்தத் துணையாற்றிலிருந்து எவ்வளவு வந்தது, யார் எவ்வளவு எடுத்தார், வெயிலில் ஆவியானதில் யார் பங்கு எவ்வளவு என்று வாரந்தோறும் இரு பிரிவும் ஒத்துப் பார்க்கின்றன. அணையை முன்பின் பாராதவருக்கு இது எழுத்தர் வேலையாகத் தோன்றலாம். எல்லையில் சுவர் எழுப்பும் பேச்சு உச்சத்தில் இருந்த ஆண்டுகளிலும் இந்த வாரக் கணக்கு நடந்தது.

4. உப்பு

1961-இல் அரிசோனாவில், யூமாவுக்கு அருகே, ஒரு பாசனப் பகுதியில் நிலத்தடியில் தேங்கிய உவர்நீரை இறைத்து ஆற்றில் விட்டார்கள். எல்லையைக் கடந்த கொலராடோ நீரில் லிட்டருக்குச் சுமார் 800 மில்லிகிராமாக இருந்த உப்பு 1,500-ஐத் தொட்டது. சில நாள்களில் அதற்கும் மேல். எல்லைக்குத் தெற்கே மெக்சிகாலிப் பள்ளத்தாக்கின் பருத்தி வயல்கள் வெள்ளை பூத்தன. அளவில் குறையில்லையே, 65 டி.எம்.சி. வருகிறதே என்றது அமெரிக்கா. உடன்படிக்கை தண்ணீரின் அளவைச் சொன்னதே தவிர அதன் தரத்தைச் சொல்லவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் மெக்சிகாலி உழவர் தெருவில் நின்றார்கள். ஒரு தலைமுறையின் மண் கெட்டது.

1973 ஆகஸ்டில் மினிட் 242 வந்தது. மெக்சிகோவுக்கு வரும் நீரின் பெரும்பகுதியில் உப்பு, அமெரிக்காவுக்குள் கடைசியாக நீரைப் பிரிக்கும் இம்பீரியல் அணையில் உள்ள அளவைவிட லிட்டருக்கு 115 மில்லிகிராமுக்கு மேல் கூடக் கூடாது. முப்பது ஏறலாம், இறங்கலாம். அன்றிலிருந்து உப்பும் பேரேட்டில் ஒரு பத்தியாயிற்று.

அந்த உவர்நீரை ஆற்றில் விடாமல் தனி வாய்க்காலில் மெக்சிகோவின் பாலைக்குக் கொண்டுபோய்க் கொட்டினார்கள். அதைச் சுத்திகரிக்க யூமாவில் பெரும் ஆலை கட்டி 1992-இல் முடித்தார்கள். ஆலை பெரும்பாலும் ஓடாமலே நின்றது. இதற்கிடையே வடிகால் நீர் போய் விழுந்த இடத்தில் நாணல் முளைத்து, பறவை வந்து, சியேனகா தே சாந்தா கிளாரா என்ற பெரும் சதுப்பு நிலம் உருவாகிவிட்டது. அழிவின் விளிம்பில் இருக்கும் ஒரு நீர்க்கோழி இனத்துக்கு இன்று அதுதான் முதன்மையான புகலிடம். ஆலையை ஓட்டினால் சதுப்பு வாடும். யாரும் திட்டமிடாத அந்தச் சதுப்பைக் காக்க இப்போது இரு நாட்டாரும் பேசுகிறார்கள்.

5. கசிவு

இதைப் பேசும்போது என் குரல் கொஞ்சம் மாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்ற வழக்கில் என் உறவினர்கள் இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். கடைமடைக்குத் தண்ணீர் போகவேண்டும் என்பவர் ஒரு பக்கம். வாய்க்காலில் ஓடும் தண்ணீர் கசிந்துதான் என் கிணறு ஊறுகிறது என்பவர் மறுபக்கம். இரண்டும் உண்மை.

கலிஃபோர்னியாவில் எல்லையை ஒட்டி, மணல்மேடுகளுக்கு நடுவே, ஆல் அமெரிக்கன் கால்வாய் ஓடுகிறது. 1940 முதல் அதன் மண்கரையில் கசிந்த நீர் எல்லைக்கு அடியில் போய் மெக்சிகாலிக் கிணறுகளை ஊறவைத்தது. அறுபது ஆண்டுகளுக்கு மேல் அதை நம்பிப் பயிர் செய்தார்கள். பிறகு சுமார் 37 கிலோமீட்டருக்குக் கான்கிரீட் போட்டு, ஆண்டுக்கு 67,700 ஏக்கர் அடியை, ஏறத்தாழ 3 டி.எம்.சி.யை, மிச்சப்படுத்தி சான் டியாகோவுக்குக் கொடுக்கத் திட்டமிட்டார்கள். வழக்கு வந்தது. 2006 டிசம்பரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. வழக்கு தள்ளுபடியாயிற்று, கான்கிரீட் போட்டார்கள். மெக்சிகோ உழவருக்கு எதுவும் கிடைக்கவில்லை. கசிவு நீர் எந்த மினிட்டிலும் யார் பெயரிலும் எழுதப்படாததுதான் காரணம்.

எல் பாசோவும் ஹுவாரெஸும் ஒரே நிலத்தடி நீர்த்தேக்கத்தில் ஆளுக்கொரு பக்கம் ஆழ்துளை போட்டு உறிஞ்சுவதும் இப்படித்தான். மேலே ஓடுவதைக் கடைசித் துளி வரை எண்ணுகிற இரு நாடுகள், கீழே இருப்பதைப் பங்கிட ஓர் உடன்படிக்கை செய்யவில்லை. என் கணிப்பில் அடுத்த பெரிய சண்டை அங்கிருந்துதான் வரும்.

6. வறட்சி

மெக்சிகோ தர வேண்டிய பங்கில், ‘அசாதாரண வறட்சி’ வந்தால் அந்தச் சுற்றின் பாக்கியை அடுத்த ஐந்தாண்டில் தரலாம் என்று 1944-இல் எழுதினார்கள். அசாதாரண வறட்சி எது என்பதை எழுதவில்லை. 1992-இல் தொடங்கிய சுற்று முடிந்தபோது பாக்கி 10 லட்சம் ஏக்கர் அடியைத் தாண்டியது. மெக்சிகோவின் சிவாவா மாநில உழவர் எங்கள் அணையே காய்ந்துவிட்டது என்றார்கள். டெக்சாஸ் உழவர், எங்கள் பங்கில் நீங்கள் பெக்கான் கொட்டைத் தோப்பு வைத்திருக்கிறீர்கள் என்றார்கள். 2005-இல்தான் பாக்கி தீர்ந்தது.

இதே உடன்படிக்கையில் ஓர் அழகான உறுப்பும் உண்டு. இரண்டு எல்லை அணைகளிலும் அமெரிக்காவின் சேமிப்புப் பங்கு நிரம்பிவிட்டால், அதுவரை உள்ள கடன் எல்லாம் தீர்ந்ததாகக் கொள்ளப்படும். ஒரு புயல் மழை போதும், புதுச் சுற்று தொடங்கும்.

புயல் வராத ஆண்டுகளில் என்ன ஆகும் என்பதை 2020 காட்டியது. சுற்று முடிய ஒரு மாதத்துக்குச் சற்று மேல் இருந்தபோது, கொன்சோஸ் ஆற்றின் பொக்கியா அணையிலிருந்து அமெரிக்காவுக்குத் தண்ணீர் திறப்பதை எதிர்த்து சிவாவா உழவர்கள் அணையைக் கைப்பற்றினார்கள். மெக்சிகோவின் தேசியக் காவல்படை சுட்டதில் ஒரு பெண் இறந்தார். மூன்று நாள் மீதியிருக்கையில் மினிட் 325 எழுதி, எல்லை அணைகளில் தன் பெயரில் இருந்த நீரை அமெரிக்காவின் கணக்குக்கு மெக்சிகோ மாற்றிக்கொடுத்தது. ஆணையருக்குள் ஒரு கையெழுத்தில் முடிந்த கணக்கு, உழவர் வீட்டு வாசலில் ஒரு பிணமாக வந்து சேர்ந்தது. என் கருத்துக்கு இதுவே பெரிய சோதனை, இதை நான் மறைக்க விரும்பவில்லை. பேரேட்டில் இரண்டு நாடுகளுக்குப் பத்தி இருந்தது. கொன்சோஸ் கரையில் ஏர் பிடிப்பவனுக்கு ஒரு பத்தி இல்லை. அவனைக் கூப்பிட்டு உட்காரவைக்காத கணக்கு பாதிக் கணக்குதான்.

2024-இல் டெக்சாஸின் கடைசிச் சர்க்கரை ஆலை தண்ணீர் இல்லாமல் மூடப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் மினிட் 331 வேறு துணையாறுகளின் நீரையும் கொடுக்க வழிசெய்தது. 2025 அக்டோபரில் சுற்று முடிந்தபோது ஏறத்தாழப் பாதி பாக்கி.

7. ஆற்றின் பெயரில்

கொலராடோவின் தண்ணீர் முழுவதும் வழியிலேயே பங்கு போய்விட்டதால், பல பத்தாண்டுகளாக அது பெரும்பாலும் கடலைச் சேர்வதில்லை. 1922-இல் இயற்கையியலாளர் ஆல்டோ லியோபோல்ட் தம் தம்பியோடு படகில் அலைந்த டெல்டா உப்புமண் ஆயிற்று. ஆற்றை நம்பி வாழ்ந்த கூகபா மக்கள் மீனில்லாத கரையில் இருக்கிறார்கள்.

2010 ஏப்ரலில் மெக்சிகாலியில் நிலநடுக்கம் வந்து வாய்க்கால்கள் உடைந்தன. வந்த தண்ணீரை வாங்கிக்கொள்ள மெக்சிகோவுக்கு வழியில்லை. அந்த நீரை அமெரிக்காவின் மீட் ஏரியில் மெக்சிகோவின் பெயரிலேயே வைத்திருக்க மினிட் 318 இடங்கொடுத்தது. அயல்நாட்டு ஏரியில் வரவு வைக்கலாம் என்று ஆனதும் பேச்சு விரிந்தது. 2012 நவம்பரில் மினிட் 319: வறட்சியில் இருவரும் குறைத்துக்கொள்வது, வரத்து மிகுந்தால் இருவரும் பெறுவது, அதோடு முதன்முறையாக ஆற்றுக்கும் டெல்டாவுக்கும் என்று ஒரு பங்கு.

2014 மார்ச் 23 அன்று கொலராடோவின் மேல் எல்லையிலுள்ள மோரேலோஸ் அணையின் மதகைத் தூக்கினார்கள். எட்டு வாரத்தில் 1,05,392 ஏக்கர் அடி, சுமார் 4.6 டி.எம்.சி., காய்ந்த தடத்தில் இறங்கியது. சான் லூயிஸ் ரியோ கொலராடோ என்று ஆற்றின் பெயரையே தாங்கிய ஊரில் ஆறு ஓடிப் பார்த்திராத பிள்ளைகள் இருந்தார்கள். தண்ணீர் வருகிறது என்று கேட்டு ஊரே மணலில் இறங்கிக் காத்திருந்தது. ஆடிப்பெருக்குக்குக் கரைக்குப் போகும் நம்மவருக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை. மே 15 அன்று ஆற்று நீர் கடலின் ஏற்றத்தைத் தொட்டது.

வந்ததில் பெரும்பகுதியை மணல் குடித்துவிட்டது. ஆகவே 2017-இல் எழுதிய மினிட் 323, ஒரே வெள்ளமாக விடுவதற்கு மாறாக, மரம் நட்ட இடங்களுக்கு வாய்க்கால் வழியே அளந்து விடும் முறைக்கு வந்தது. மொத்தம் 2,10,000 ஏக்கர் அடி. இரு அரசுகளும் தொண்டு நிறுவனங்களும் தலா மூன்றில் ஒரு பங்குக்குப் பொறுப்பேற்றன. அந்த மினிட்டின் காலம் 2026 டிசம்பரோடு முடிகிறது. அடுத்ததை எழுத ஆற்றின் இரு கரையிலும் பொறியாளர்கள் உட்கார வேண்டும். அந்தத் தாளில் ஆற்றின் பெயருக்கு நேரே அவர்கள் என்ன எண் எழுதுகிறார்கள் என்பதைப் பார்க்கத்தான் காத்திருக்கிறேன்.